பொடிதானேம்மா என்று சொல்லாதீர்கள்: சென்னைச் செடிக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் நர்சரி, செடிக்கடை, உரக்கடை, பூச்சிமருந்துக் கடை நடத்துகிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். போன வாரம் மதியம் ஒன்றரை மணி இருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு கடை வாசலில் நின்றிருந்தேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே காட்சியை நான் எத்தனையோ கடைகளில் பார்த்துவிட்டேன். முன்பக்கம் தகரக் கூரை. அதற்குக் கீழே கம்பிக் கூடையில் செடி நோய்க்குப் போடுகிற சூடோமோனாஸ் பாக்கெட்டுகள், பக்கத்தில் மண்புழு உர மூட்டை, தேங்காய் நார்க் கட்டிகள். ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்தேன், சுட்டது. இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்து வைத்த துணி மாதிரி அப்படி ஒரு சூடு. "இது எப்போ வந்தது தம்பி?" என்று கேட்டேன். கடையில் இருந்த தம்பி நல்ல பிள்ளை, செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார்: "பொடிதானேம்மா, அதெல்லாம் கெட்டுப்போகாது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

அது பொடி இல்லை. பொடி என்று நமக்குத் தெரிவது வெறும் டால்க், முகப்பவுடரில் இருக்கிற அதே மாவுக்கல் தூள். அது பல்லக்கு மட்டும்தான். அதில் ஏறி வருகிறது உயிருள்ள பாக்டீரியா, ஒவ்வொரு கிராமிலும் கோடிக்கணக்கில். சூடோமோனாஸ் புளூரசன்ஸ் என்பது அதன் முழுப்பெயர். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மண்ணிலிருந்து நல்ல ரகம் ஒன்றைப் பிரித்தெடுத்து, டால்க் தூளில் கலந்து, விவசாயி விதையில் பிரட்டுகிற மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊர் உரக்கடையில் போய்க் கேட்டாலும் "சூடோமோனாஸா, இருக்கு" என்று எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் அவர்கள் உழைப்பு பெரிது. அந்த உழைப்பு கடைசி நூறு அடியில், உங்கள் கடை வாசலுக்கும் என் மொட்டை மாடிக்கும் நடுவில், செத்துப்போகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

வீட்டில் தயிர் உறை ஊற்றுகிற எல்லாருக்கும் இது தெரியும். கொதிக்கிற பாலில் உறைமோரை ஊற்றினால் காலையில் பால் பாலாகவே இருக்கும், இல்லையென்றால் திரிந்து கிடக்கும். மோரைக் குறை சொல்ல முடியுமா? சூடோமோனாஸும் அப்படித்தான். 25 முதல் 30 டிகிரி வரை அதற்குச் சுகம். ஆய்வகத்தில் இதையும் இதன் ஒன்றுவிட்ட உறவுக்காரப் பாக்டீரியா ஒன்றையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு, 41 டிகிரியில் வைத்துப் பார்ப்பார்கள், உறவுக்காரன் வளரும், இது வளராது. 41 டிகிரி என்றால் என்ன? மே மாதத்தில் மீனம்பாக்கத்தில் சாதாரணமாகத் தொடுகிற வெயில். அது நிழலில் அளந்த கணக்கு. தகரத்துக்கு அடியில், பிளாஸ்டிக் பாக்கெட்டுக்கு உள்ளே எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஒரே நாளில் எல்லாம் போய்விடும் என்று சொல்லவில்லை. ஆனால் நாளாக நாளாக எண்ணிக்கை சரிந்துகொண்டே வரும், கடைசியில் நான் காசு கொடுத்து வாங்குவது வெறும் டால்க்.

இதில் கொடுமை என்னவென்றால், பார்த்தால் தெரியாது. உயிரோடிருப்பதும் வெள்ளைப் பொடி, செத்ததும் வெள்ளைப் பொடி. பால் கெட்டால் நாறும், தக்காளி அழுகினால் ஒழுகும், இது எந்தச் சத்தமும் போடாது. வாங்குகிறவருக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை. உங்கள் வார்த்தையையும் லேபிளில் இருக்கிற தேதியையும் நம்பித்தான் நாங்கள் பையில் போட்டுக்கொண்டு போகிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். நான் குரோம்பேட்டையில் இருக்கிறேன், ஒன்பது வருடமாக மாடித்தோட்டம். முதல் இரண்டு வருடமும் தக்காளி நாற்று எனக்கு நிற்கவே இல்லை. முளைத்து வரும், இரண்டு இலை விடும், மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் மண்ணோடு ஒட்டுகிற இடத்தில் தண்டு நூல் மாதிரி இளைத்துச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல். ஒரு கடையில் சூடோமோனாஸ் வாங்கிப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் இன்னொரு பாக்கெட், அதே கடைதான், அப்போதும் அப்படியே. "இயற்கை மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும்மா, வேணும்னா இதை அடிச்சுப் பாருங்க" என்று வேறு ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். ரசாயனம். வாங்கினேன். அடித்தேன். நாற்று பிழைத்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் இலைப்புழுவுக்கு ஒன்று, அசுவினிக்கு ஒன்று என்று மாடி அலமாரியில் நான்கு டப்பா சேர்ந்துவிட்டது.

ஒருநாள் அரைக்கீரை பறித்துக் கடைந்து, பேத்திக்குச் சோற்றில் பிசைந்து ஊட்டப் போனேன். வாய்க்குப் பக்கத்தில் போன கை நின்றுவிட்டது. பக்கத்துத் தொட்டிக்கு மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று? நான்கா, ஐந்தா? அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, அது லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும். விற்றவர் அதை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சோற்றை அப்படியே கொட்டிவிட்டு ரசம் சாதம் ஊட்டினேன். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் எனக்கு இது புதிது இல்லை. எங்களுக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம், ஏரிப் பாசனம். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பா நெல்லுக்கு எண்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடிப்பார். முதுகில் தெளிப்பான், மூக்கைச் சுற்றி ஈரத்துண்டு, காலில் செருப்பு கிடையாது. சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தால் தலையைப் பிடித்துக்கொள்வார், சில நாள் வாந்தி எடுப்பார். அம்மா மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பார். மறுநாள் வாய்க்காலில் மீன் செத்து மிதக்கும், எங்களை அந்தப் பக்கம் போகக் கூடாது என்பார்கள். எண்ட்ரினை அப்புறம் நாட்டிலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனால் பெயர் மட்டும் மாறி மாறி வேறு டப்பாக்கள் வந்துகொண்டே இருந்தன. நம் மொழியில் இதற்கெல்லாம் பெயர் "மருந்து". பூச்சிமருந்து. அதே ஊரில் ஒருவர் "மருந்தைக் குடிச்சிட்டார்" என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஒரே சொல் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தியது என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

சரி, சூடோமோனாஸுக்கு வருகிறேன். அந்தக் கீரைச் சம்பவத்துக்குப் பிறகு டப்பாக்களை மூட்டை கட்டிவிட்டேன். கொஞ்ச நாளில் உறவுக்காரர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வரும்போது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் செய்த பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தார். ரயிலில் கைப்பையிலேயே வைத்திருந்து, வந்ததும் என்னிடம் கொடுத்தார். அதே தக்காளி, அதே தட்டு, அதே மாடி. விதையில் ஆறிய கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் தெளித்து, பொடியைப் பிரட்டி, நிழலில் உலர்த்தி ஒரு பக்கம் விதைத்தேன். இன்னொரு பக்கம் சும்மா விதைத்தேன். சும்மா விதைத்த பக்கம் பாதிக்கு மேல் சாய்ந்தது. பிரட்டிய பக்கம் நின்றது. நான் விஞ்ஞானி இல்லை, ஒரு தட்டு நாற்றை வைத்துக்கொண்டு உலகத்துக்குச் சட்டம் சொல்லவும் மாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் புரிந்தது, முதல் இரண்டு வருடமும் நான் சூடோமோனாஸ் போடவே இல்லை. டால்க் போட்டிருக்கிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நீங்களே இதை வெயிலில் வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வேர் சும்மா தண்ணீர் குடித்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை, தன்னைச் சுற்றிச் சர்க்கரையும் வேறு சத்துகளும் கசிய விடுகிறது. அந்தக் கசிவுக்காகவே வேரை ஒட்டிய மண்ணில் நுண்ணுயிர்கள் கூட்டம் கூடும். இந்த வேர்ச்சூழ் மண்ணுக்கு லோரன்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் 1904இலேயே தனியாகப் பெயர் வைத்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் நல்லதும் வரும், நாற்றை அழுகடிக்கிற பூஞ்சையும் வரும். யார் முதலில் இடம் பிடிப்பது என்பதுதான் விஷயம். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அது மாதிரி சூடோமோனாஸ் முதலில் வேரில் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு மண்ணில் இருக்கிற இரும்புச் சத்தைப் பிடித்திழுத்துத் தனக்கு வைத்துக்கொள்கிற ஒரு பொருளைச் சுரக்கும், இரும்பு கிடைக்காமல் பூஞ்சை தேய்ந்துபோகும். புற ஊதா வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்வது அந்தப் பொருள்தான், பெயரில் புளூரசன்ஸ் வந்தது அதனால். இது போக, பூஞ்சையைத் தாக்குகிற பொருள்களையும் சுரக்கிறது. செடியின் உள்ளே இருக்கிற தற்காப்பையும் தட்டி எழுப்பி வைக்கிறது, அப்புறம் இலையில் நோய் வந்தாலும் செடி கொஞ்சம் தயாராக இருக்கும்.

இத்தனையும் உயிர் இருந்தால்தான் நடக்கும். ரசாயனம் என்றால் அது ஒரு பொருள், டப்பாவில் இருக்கிற வரை இருக்கும், போட்டால் வேலை செய்யும். இது ஆள். ஆள் செத்துப்போன பிறகு வேலைக்கு அனுப்ப முடியாது.

உங்களில் சிலர் நினைக்கலாம், மண்ணில் இருக்கிற கிருமியை நம்பி என்ன பெரிதாக ஆகிவிடும் என்று. எங்கள் வீட்டுக்கு அடுத்த ரயில் ஸ்டேஷன் பெயரே தாம்பரம் சானடோரியம். காசநோய்க்காரர்கள் நல்ல காற்றுக்காக வந்து படுத்துக் கிடந்த இடம், அப்போது காற்றும் ஓய்வும் சாப்பாடும்தான் வைத்தியம். அந்த நோய்க்கு முதலில் கிடைத்த சரியான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின், 1943இல் கண்டுபிடித்தார்கள், எங்கிருந்து? மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து. அந்தப் பாக்டீரியாவின் குடும்பம்தான் முதல் மழையில் நமக்கு மண்வாசனையையும் கொடுக்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதே ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த சின்னப் பொட்டலம் உங்கள் கடைகளில் செடிக்கு அடிக்க விற்பனைக்கு இருந்தது. அது பாக்டீரியாவைக் கொல்வதற்காகவே உள்ளது. அதையும் சூடோமோனாஸையும் ஒரே பையில் போட்டு, "ரெண்டையும் கலந்து அடிங்க, நல்லா கேட்கும்" என்று சொல்லி அனுப்புகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியும் அப்படித்தான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ரசாயனம் அடித்திருந்தால் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விடச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரில் கலக்கிறவர்களிடம், முந்தின நாள் ராத்திரியே வாளியில் பிடித்துத் திறந்து வைத்து, குளோரின் வாசனை போன பிறகு கலக்கச் சொல்லுங்கள். குளோரின் போடுவதே கிருமி சாகத்தானே.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கசப்பானது. எதைக் கேட்டாலும் சூடோமோனாஸை எடுத்துக் கொடுக்காதீர்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருக்கிறது என்று வருகிறவருக்கு அது உதவாது. வெள்ளை ஈக்கும் உதவாது. அது பெரும்பாலும் பூஞ்சையால் வருகிற நோய்களுக்கானது, நாற்றழுகல், வேரழுகல், வாடல், நெல்லில் குலைநோய், இலையுறை அழுகல் மாதிரி. அதையும் வந்த பிறகு போடுவதைவிட வருவதற்கு முன்பு போடுவதில்தான் பலன். துண்டு போட்ட கதையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள், வேறு ஆள் உட்கார்ந்த பிறகு துண்டு போட்டு என்ன பயன்? தவறான வேலைக்குக் கொடுத்து, பலிக்கவில்லை என்றால் அந்த வாடிக்கையாளர் "இயற்கை எல்லாம் ஏமாற்று வேலை" என்று முடிவு கட்டிவிட்டு நேராக, கடும் விஷம் என்று சிவப்பு முக்கோணம் போட்ட டப்பாவுக்குப் போவார். நான் போன மாதிரி.

டிரைக்கோடெர்மாவைக் கேட்டால் சூடோமோனாஸையும், சூடோமோனாஸைக் கேட்டால் டிரைக்கோடெர்மாவையும் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறவர்களும் உண்டு. டிரைக்கோடெர்மா பூஞ்சை, நல்ல பூஞ்சை. சூடோமோனாஸ் பாக்டீரியா. வேலை ஓரளவு ஒத்துப்போகும், அதற்காக ஒன்றாகிவிடாது.

புழுவுக்கு என்றால் அதற்கு வேறு பாக்டீரியா இருக்கிறது, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. இதன் கதை எனக்குப் பிடித்தமானது. 1901இல் ஜப்பானில் இஷிவாத்தா என்பவர் பட்டுப்புழுக்கள் ஏன் கூட்டமாகச் சாகின்றன என்று தேடிப் போய் இதைக் கண்டார். பத்து வருடம் கழித்து ஜெர்மனியில் துரிங்கியா பக்கம் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் பெர்லினர் என்பவர் மறுபடி கண்டு பெயர் வைத்தார். இந்தப் பாக்டீரியா தன் உடம்புக்குள் ஒரு புரதப் படிகத்தைச் செய்து வைக்கிறது. புழு இலையோடு சேர்த்து அதைத் தின்றால், புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது என்பதால் படிகம் கரைந்து குடல் சுவரை ஓட்டை போடுகிறது. சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், இரண்டு மூன்று நாளில் சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம், புழுக் குடலில் அந்தப் புரதம் போய் ஒட்டுகிற இடமும் நமக்குக் கிடையாது. முட்டைக்கோஸ், காலிஃபிளவரில் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு இது நன்றாகக் கேட்கும். ஆனால் கத்தரிக்காய்க்குள் துளைத்துப் போய் உட்கார்ந்துவிட்ட புழுவை எட்டாது, புழு திங்கிற இடத்தில் பி.டி. இருந்தால்தானே.

இதை விற்கும்போது மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். சாயங்காலம் அடிக்கணும், ஏனென்றால் வெயில் இதைக் கெடுத்துவிடும். புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்கணும். மறுநாள் காலையில் புழு நெளிந்துகொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது திங்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாவதைச் சொல்லாததால்தான் நிறையப் பேர் "சாகவே இல்லை" என்று உங்களிடமே திரும்பி வந்து சண்டை போடுகிறார்கள்.

பி.டி. என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மரபணு மாற்றின பருத்தி, கத்தரிக்காய் ஞாபகம் வரும். பி.டி. கத்தரிக்கு 2010இல் மத்திய அரசு நிறுத்தி வைப்பு உத்தரவு போட்டதும், அதற்கு முன்னால் ஊர் ஊராக நடந்த சண்டையும் எல்லாருக்கும் தெரியும். அது அந்தப் பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துச் செடிக்குள்ளேயே வைப்பது. நான் சொல்வது பாக்டீரியாவையே தண்ணீரில் கலந்து தெளிப்பது, தெளித்தால் சில நாளில் வெயிலில் போய்விடும். இரண்டும் வேறு. மரபணு மாற்றம் வேண்டாம் என்கிறவர்கள்கூட இதைத் தெளிக்கலாம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கிற புழுவுக்கு மட்டும் இதை விற்காதீர்கள், அது வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு, கையால் எடுத்து வேறு கிளையில் விட்டால் போதும். என் மாடியில் ஒரு கறிவேப்பிலைச் செடியை அதற்காகவே விட்டு வைத்திருக்கிறேன்.

அல்லித் தொட்டி, தாமரைத் தொட்டி விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெங்கு வருகிற ஊர் இது. பி.டி.யிலேயே இஸ்ரேலென்சிஸ் என்ற வகை 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்தது, கொசுப்புழுவைத் தேடித் தேடிக் கொல்லும், தொட்டியில் இருக்கிற மீனை ஒன்றும் செய்யாது. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் இருக்கிற நோய்க் கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமே இந்த வகையில் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. தொட்டியோடு சேர்த்து அதையும் விற்கலாமே.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் தம்பி மகன் இரண்டு வருடம் உரக்கடையில் வேலை பார்த்தான். டீலர் பெட்டி பெட்டியாகத் தள்ளிவிடுவார், தேதி போனதைத் திருப்பி எடுக்கச் சொன்னால் முகம் கொடுக்க மாட்டார். ரசாயன டப்பாவில் கிடைக்கிற லாபம் இதில் கிடைக்காது. கடையோ பத்துக்குப் பத்து, உள்ளே நிற்கவே இடம் இல்லை. வருகிற வாடிக்கையாளர் நின்றபடிக்கே "அடிச்ச உடனே சாகணும்" என்கிறார். இதெல்லாம் உண்மை. இருந்தாலும் விதையை நீங்கள் எப்படி வைக்கிறீர்கள்? வெண்டை விதைப் பாக்கெட்டை யாரும் வெயிலில் தொங்கவிடுவதில்லை, முளைக்காது என்று தெரியும். உள்ளே, நிழலில், பெட்டியில் வைக்கிறீர்கள். இதையும் அந்த விதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், நான் கேட்பது அவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வேண்டாம். சுவரோரம், தரையோடு, காற்றோட்டமான இடம், ரசாயன டப்பாக்களிலிருந்து தள்ளி.

கொஞ்சமாக வாங்கி வையுங்கள். டால்க்கில் வருகிற சூடோமோனாஸுக்கு ஆயுள் சில மாதம்தான். கோடைக்கு முன்னால் வருடத்துக்கானதை மொத்தமாக இறக்கி வைத்தால், ஆடிப்பட்டத்துக்கு ஆட்கள் வரும்போது பாக்கெட்டில் உயிர் மிச்சம் இருக்காது. சித்திரை, வைகாசியில் கண்டிப்பாக ஏதாவது விற்றாக வேண்டும் என்றால் பேசில்லஸ் சப்டிலிஸ் வாங்கி வையுங்கள். அதுவும் மண் பாக்டீரியாதான், பூஞ்சை நோய்களுக்குத்தான். ஆனால் அது கஷ்ட காலத்தில் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்தாக மாறிப் படுத்துக்கொள்ளும், வெயில் சூட்டைத் தாங்கும், வேரும் ஈரமும் கிடைத்ததும் எழுந்துகொள்ளும். சூடோமோனாஸுக்கு அந்த வித்தை தெரியாது. சென்னை வெயிலுக்கு எது தாங்கும் என்று பார்த்து வாங்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

தேதி போனதை விற்காதீர்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இன் கீழ்தான் இந்த உயிரிப் பூச்சிக்கொல்லிகளும் பதிவாகின்றன, காலாவதியானதைத் தனியாகப் பிரித்து விற்பனைக்கு அல்ல என்று எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. சில கடைகளில் தேதிக்கு மேலேயே விலை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். தெரியாமல் ஒட்டியது என்றே வைத்துக்கொள்கிறேன், இனிமேல் தள்ளி ஒட்டுங்கள்.

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் இந்த ஊரில் எவ்வளவு பெருகிவிட்டார்கள் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை, அதாவது தோட்டம் போடத் தேவையானவை அடங்கிய தொகுப்பை, கொடுக்க ஆரம்பித்த பிறகு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களின் பெயர்கள் எங்கள் தெருப் பாட்டிகள் வாயிலும் வருகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் பேரன் பேத்திக்கு விஷம் இல்லாத ஒரு கைப்பிடிக் கீரை கொடுக்க வேண்டும் என்பதற்காகவே வருகிறவர்கள். அவர்களுக்குச் செடியைப் பற்றிச் சொல்ல வேளாண் அதிகாரி மாடி ஏறி வரப் போவதில்லை. நீங்கள் சொல்வதுதான் அவர்களுக்கு வேதம். பொடியைப் பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல்வது, மீதியை நிழலில் வைக்கச் சொல்வது, தொழுஉரத்தில் கலந்து ஈரமாக வைத்துப் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்பது, இதெல்லாம் இரண்டு நிமிடப் பேச்சு. வயல்காரர் வந்தால் விதை கிலோவுக்கு 10 கிராம், ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியை 20 கிலோ தொழுஉரத்தில் கலந்து போடச் சொல்லுங்கள், ஏறக்குறைய அதுதான் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு.

அப்பா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. கடைசிக் காலத்தில் என் மாடிக்கு வந்து உட்கார்ந்திருப்பார். மருந்து அடிக்காமல் கத்தரி காய்க்குமா என்று நம்பிக்கை இல்லாமல் கேட்டிருக்கிறார். அப்போது மாடியில் தோட்டமும் இல்லை, என்னிடம் பதிலும் இல்லை.

ஆனி கடைசி வாரம் உங்களில் யாராவது ஒருவர் கடைக்கு வருவேன். இந்த ஆடிக்குக் கத்தரி, மிளகாய், வெண்டை, கொஞ்சம் தக்காளி போடப் போகிறேன். சூடோமோனாஸ் இரண்டு பாக்கெட் வேண்டும். எந்த மாதம் செய்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புதுச் சரக்கு இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க என்று சொன்னீர்களானால் அடுத்த வாரம் வருகிறேன்.

அன்புடன்,
குரோம்பேட்டையிலிருந்து, உங்கள் வாடிக்கையாளர்